மேலெல்லை இல்லாத சொத்து

ஆகஸ்ட் 3, சனி

ஸ்டாம்பு வெண்டர் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்த நோட்டு இது. ஏழு மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். நாளைக்கு ஒரு வழக்கு வியாஜ்ஜியம் என்று வந்தால், தேதி போட்டு எழுதி வைத்தவன் ஜெயிப்பான். ஞாபகத்தை நம்பியவன் தோற்பான். முப்பத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவனுக்கு இது கூடத் தெரியாதா?

பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால், கடைசியில் 'அடித்தல் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பித்தலாட்டம். இந்த ஆவுடையப்பன் எழுதிய பத்திரத்தில் அடித்தலே இருக்காது என்று தாமிரபரணிக் கரை முழுக்கத் தெரியும். இந்த நோட்டிலும் இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி ஈஸ்வரவடிவு, வயது 50. ஜூலை முதல் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டு மதியம் ஒன்றரைக்குத் திரும்புகிறாள். கேட்டால் பெருமாள் கோயிலாம். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் புரட்டாசிச் சனிக்குக் கூடப் பெருமாளைத் தேடிப் போகாதவள். நடை பன்னிரண்டுக்கே சாத்திவிடுவார்கள். கையில் ஒரு துளசி இலை கூடக் கிடையாது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

வீடு அவள் பெயரில் இருக்கிறது. 1999-ல் என் கையாலேயே எழுதிப் பதிந்து கொடுத்தேன். அதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாவாட்ட மறந்துவிட்டாள். காலையில் உப்புமா. வடிவு எதையும் மறக்கிறவள் இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

தடயம் கிடைத்தது. கிழித்த நாள்காட்டித் தாள் ஒன்று, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில். பின்பக்கம் அவள் கையெழுத்தில்:

18
50
80
600
அதற்கு மேல் எல்லை இல்லை

எல்லை என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். எல்லை என்று ஒருத்தர் எழுதினால் அது நிலம். எண்கள் என்றால் சர்வே எண்கள். என்னைக் கேட்காமல் ஏதோ ஒரு சொத்து கைமாறப் போகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

வடிவு பிறந்த கிராமத்துக்குப் பஸ் ஏறிப் போய், கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். சர்வே எண் 18, குளம். 50, சுடுகாடு. 80, சாஸ்தா கோயில் தோப்பு. 600 என்ற எண்ணே கிடையாது. கிராமம் 412-லேயே முடிந்துவிடுகிறது.

குளத்தையும் சுடுகாட்டையும் சாமியையும் சேர்த்து விற்கப் பார்க்கிறார்களா? இல்லாத நிலத்தை வேறு சேர்த்திருக்கிறார்கள். அதுவும் எல்லை இல்லாமல்! நான்கு எல்லை சொல்லாத சொத்தை எந்தச் சார்பதிவாளரும் பதிய மாட்டார். வடிவுக்கு இதெல்லாம் தெரியாது. பின்னால் எவனோ இருக்கிறான்.

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கி வந்தேன். எங்கே போனேன் என்று அவள் கேட்கவில்லை. அதுவும் சந்தேகத்துக்கு உரியது.

ஆகஸ்ட் 21, புதன்

இருக்கிறான். பெயர் இசக்கிபாண்டி.

சாயங்காலம் துவைக்கிற கல் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் புறவாசல் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இல்ல இசக்கிபாண்டி, தப்பாச் சொல்லுத. பதினெட்டு வரைக்கும் குளுந்துகிட்டே போவும். அதுக்கு மேல அம்பது வரைக்கும் சூடு ஏறும். அம்பது தாண்டுனா திரும்பக் குளுரும். எம்பதுக்கு மேல பாரு, கொதிக்கும்."

என்னைப் பார்த்ததும், "சரி, வச்சிருதேன்" என்று போனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"யாருளா அது?"

"தெரிஞ்சவுக."

"தெரிஞ்சவுகளுக்குப் பேரு கெடையாதா?"

"இருக்கு. ஒங்களுக்குத் தெரியாத பேரு" என்று சொல்லிவிட்டு உளுந்து கழுவப் போய்விட்டாள்.

அவளுக்கு ஐம்பது. எனக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பது தாண்டினால் குளிர்ந்துவிடும் என்று ஓர் ஆணிடம் சொல்கிறாள். 

ஆகஸ்ட் 24, சனி

அவள் 'கோயிலுக்கு'ப் போன நேரத்தில் வீட்டைச் சோதித்தேன். அரிசி டிரம்முக்குள், அரிசிக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு புத்தகம். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல். காக்கி அட்டை போட்டிருக்கிறது. பெயர் எழுதவில்லை.

வளிமண்டலம் என்ற பாடத்தில் பென்சிலால் கோடு கோடாக இழுத்திருந்தாள். உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எதிராளியின் ஆவணத்தைப் படிக்காமல் எப்படி வாதாடுவது?

சாரம் இது. பூமிக்கு மேலே காற்று ஒரே குவியலாக இல்லை; மாடி மாடியாக இருக்கிறது. முதலாவது கீழடுக்கு. நம் பக்கத்தில் பதினெட்டு கிலோமீட்டர் வரை. மழை, மேகம், இடி, அடுத்த வீட்டு அடுப்புப் புகை எல்லாம் இதற்குள்தான். இரண்டாவது மீள் அடுக்கு, ஐம்பது வரை. ஓசோன் அங்கே இருந்துகொண்டு வெயிலின் விஷத்தை வடிகட்டுகிறது. மூன்றாவது இடையடுக்கு, எண்பது வரை. வானத்திலிருந்து விழுகிற எரிகற்கள் பெரும்பாலும் அங்கேயே எரிந்து சாம்பலாகின்றன. நான்காவது வெப்ப அடுக்கு, அறுநூறு வரை. அதற்குள் ஒரு பகுதி வானொலி அலையைத் திருப்பி அனுப்புகிறது. அதற்கும் மேலே வெளி அடுக்கு. அது எங்கே முடிகிறது என்று திட்டமாகச் சொல்லவில்லை. இந்தப் பாடத்தை எழுதியவர் பத்திரம் எழுதியவர் அல்ல.

ஆக, குளமும் சுடுகாடும் தப்பின. போனில் சொன்னதும் இந்தக் கணக்குத்தான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கொஞ்சம்தான். ஐம்பது வயதுப் பெண் ஆகாயத்தைப் பற்றிப் படிப்பதை ஏன் அரிசிக்குள் ஒளிக்க வேண்டும்?

இன்னொன்று. மேலே போகப் போகக் குளிரும் என்று அச்சடித்திருக்கிறார்கள். சூரியனை நெருங்க நெருங்கச் சூடுதானே ஏறும்? மூன்று தடவை எழுதினாலும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவன் நான். எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 30, வெள்ளி

மலைமேல் ஒரு எஸ்டேட்டில் குத்தகைப் பத்திர வேலை. புத்தகத்தைச் சோதித்துப் பார்க்க வீட்டிலிருந்த காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அடிவாரத்தில் உதறிவிட்டுப் பார்த்தேன்: 94. மேலே ஜீப்பை விட்டு இறங்கிப் பார்த்தேன்: 94. ஒரு புள்ளி கூட இறங்கவில்லை. புத்தகம் தப்பு என்று நிரூபணமாகிவிட்டது.

துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அது காற்றினால். தெர்மாமீட்டரில் 94-க்குக் கீழே கோடே கிடையாது என்று எஸ்டேட் கணக்குப்பிள்ளை சொன்னார். அவரிடம் யார் கேட்டது?

செப்டம்பர் 2, திங்கள்

சாப்பிடும்போது வேண்டுமென்றே கொக்கி போட்டேன். "ஏளா, மேல போகப் போகச் சூடாவுமா, குளுருமா?"

ரசம் ஊற்றிய கரண்டி அப்படியே நின்றது. "எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான்."

"நீங்க சும்மா கேக்குற ஆளு இல்லையே."  பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "குளுரும். சூரியன் காத்த நேரா சூடாக்குறதில்ல. மொதல்ல தரையச் சுட வைக்கும். தரைதான் காத்துக்குச் சூடு குடுக்கும். அடுப்ப விட்டுத் தள்ளித் தள்ளிப் போனா குளுராதா?"

 ஒரு வழக்கறிஞர் கூட என்னிடம் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. மலையில் காதைக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"அம்பதுக்கு மேல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "அரிசி டிரம்முல கை விட்டா, மூடிய நல்லா அழுத்தி மூடணும். எறும்பு ஏறிருச்சு பாருங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன். ரசம் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 14, சனி

பின்தொடர்ந்தேன். அவள் மினிபஸ்ஸில், நான் அதற்குப் பின்னால் ஷேர் ஆட்டோவில். பெருமாள் கோயில் நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி வாசலில் இறங்கினாள். நான் எதிரே கரும்புச் சாறு கடையில் நின்று மூன்று டம்ளர் குடித்தேன். பிறகு சுற்றுச்சுவர் ஓரமாகப் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

நீளமான மேசைகள். கண்ணாடிக் குழாய்கள். பதினைந்து இருபது பேர். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. என் மனைவி ஒரு குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக எதையோ விட்டுக்கொண்டிருந்தாள். தாளிக்கும்போது எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பாளே, அதே முகம். ஆனால் வீட்டில் அவள் இத்தனை சந்தோஷமாக எண்ணெயைப் பார்த்து நான் கண்டதில்லை. பக்கத்தில் காக்கிச் சட்டையோடு நாற்பது நாற்பத்தைந்து வயது மனிதர், "அக்கா, நெறம் மாறிட்டு! மாறிட்டு!" என்று கத்தினார். அவர்தான் இசக்கிபாண்டி. குடிநீர் வாரியத்தில் பம்ப் ஓட்டுகிறார். பத்தாவது பாஸ் பண்ணினால் பதவி உயர்வு.

இதெல்லாம் வாட்ச்மேன் சொன்னது. "தனித்தேர்வருக்குச் செய்முறை வகுப்பு சார். பத்தாவது நேரடியா எழுதுறவங்க சனிக்கிழம தவறாம வரணும். அந்த அம்மா ஒரு நாள் கூட விட்டதில்ல. ஒங்களுக்குச் சொந்தமா?"

தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. இன்னும் பெரிதாகிவிட்டது.

பத்தாவது நேரடியாக எழுத எட்டாம் வகுப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதையும் வாட்ச்மேன் சொன்னார். வடிவு எட்டாவது வரை படித்தவள். அவள் கிராமத்தில் அதற்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. சான்றிதழைக் கவரில் போட்டுக் கல்யாணச் சீரோடு கொண்டுவந்தாள். அந்தச் சான்றிதழ் 1992 நவம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. அன்று தெருவில் இடுப்பளவு தண்ணீர். இது அவளுக்கும் தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

அப்படியென்றால் பள்ளியில் எதைக் காட்டினாள்? மூலம் இல்லாமல் நகல் எப்படி வரும்? போலி. வேறென்ன?

செப்டம்பர் 16, திங்கள்

மரப்பெட்டிக்குப் பூட்டு மாற்றினேன். பழையது துருப்பிடித்துவிட்டது. வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 28, சனி

கரையான் வந்திருக்கிறதா என்று மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். கரையான் இல்லை. கவர் அப்படியே இருக்கிறது. எந்தக் கவர் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

அக்டோபர் 9, புதன்

தேவசகாயமும் பத்திர எழுத்தர்தான்; சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் என் எதிர்க் கொட்டகைக்காரர். இருபது வருஷமாக என் கட்சிக்காரர்களை இழுக்கிறவர். இன்று டீக்கடையில் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னவே ஆவுடையப்பன், வீட்டுல படிப்பெல்லாம் நல்லாப் போகுதா?"

"யாரு படிப்பு?"

"பேரப்புள்ள படிப்பக் கேட்டேன்வே" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் பிள்ளைக்கு ஒன்றரை வயது. என்ன படிப்பு?

இந்த ஆளுடைய மருமகன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். ரப்பர் ஸ்டாம்பு கூடச் செய்து கொடுப்பான். கணக்கு நேராக வந்துவிட்டது.

நவம்பர் 20, புதன்

விடாத மழை. கொட்டகை ஒழுகுகிறது, வேலை இல்லை. வடிவு இப்போது எதையும் ஒளிப்பதில்லை. புத்தகங்களைக் கூடத்தில் பரப்பி வைத்துச் சத்தம் போட்டுப் படிக்கிறாள். ஒளிக்காத ஆளைச் சந்தேகப்படுவது கஷ்டம். ஆனாலும் விடாமல் செய்கிறேன்.

"பத்தாவதுக்கு எதுக்கு ஒம்பதாவது புஸ்தகம்?" என்று கேட்டேன்.

"ஒம்பது நான் படிக்கவே இல்லையே. ஏணியில ஒரு படிய விட்டுட்டு ஏறுனா கால் எங்க நிக்கும்?"

பிறகு இந்த மேகத்தைப் பற்றிச் சொன்னாள். இத்தனை மழையும் கீழடுக்குக்குள்தானாம். விமானத்தில் இந்த மேகத்துக்கு மேலே போய்விட்டால் இப்போதும் அங்கே பளீரென்று வெயில் அடிக்குமாம். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தன்றும் மேலே வெயில்தான் அடித்திருக்கும் என்றாள். எதற்காக அந்த வெள்ளத்தை இழுத்தாள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

பேப்பரில் ஒரு செய்தி. எங்கோ ஒரு ஊரில் போலிச் சான்றிதழ் கொடுத்துப் பரீட்சைக்கு விண்ணப்பித்தவரைக் கைது செய்திருக்கிறார்கள். படம் போட்டிருக்கிறார்கள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வடிவு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கை ஈரமாக இருந்தது. இந்தக் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுவார்களா? அடுத்த மாதம் பரீட்சைக்கு விண்ணப்பம் போட வேண்டும். சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒரு விஷயத்தைச் சட்டப்படி எழுதி வைக்கிறேன். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் கேட்டார்: "மாப்ள, டவுன்ல பள்ளிக்கூடம் இருக்கு. அவ மேல படிக்க ஆசைப்படுதா. பத்தாவது எழுத விடுவீயளா?" பத்துப் பேர் முன்னால் சரி என்றேன். அது வாய்மொழி ஒப்பந்தம். பதியாத ஒப்பந்தம் செல்லாது.

அந்தக் கவரில் மதிப்பெண் பட்டியலும் இருந்தது. கணக்கில் 96. எனக்குக் கணக்குத்தான் மூன்று தடவை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பத்திர எழுத்தர் உரிமம் வாங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் என்னை எழுத்துக்காரர் என்பார்கள். வீட்டில் ஒருத்தி என்னைவிட அதிகமாகப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவன் நினைக்க மாட்டானா? என் மகளை என்ஜினீயரிங் படிக்க வைத்தவன் நான். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெள்ளத்தன்று தண்ணீர் வாசற்படி ஏறியதும் நான் முதலில் பரண் மேல் ஏற்றியது பத்திரக் கட்டுகளை. அந்தக் கவரும் அவற்றோடுதான் இருந்தது. மற்றது மேலே எழுதியபடி.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. நான் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். போலி பிடிபடுவதற்குள் அசல் அவள் கைக்குப் போக வேண்டும். ஆனால் என் கையால் போகக் கூடாது. அவள் பின்கட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மரப்பெட்டியைத் திறந்து, கவரை எடுத்துப் பரணில் பித்தளைக் குத்துவிளக்குக்கும் பழைய இடியாப்ப உரலுக்கும் நடுவே செருகினேன். மேலே கொஞ்சம் தூசியும் தூவினேன். பரணை எப்போதும் அவள்தான் ஒதுங்க வைத்துத் துடைப்பாள்.

ஏணியிலிருந்து இறங்கும்போது கால் நழுவி முட்டியில் அடி. வலிக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

கண்டெடுத்தாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்க" என்று கவரை நீட்டினாள். திறந்து கூடப் பார்க்கவில்லை.

"அடடே!" என்றேன். ஒத்திகை பார்த்து வைத்ததுதான். "இது ஒன் சான்றிதழ்லா? வெள்ளத்துல போனதுன்னுல்லா நெனச்சோம்! பரண்லயா கெடந்துச்சு?"

அவள் மேலேயே நின்று, முந்தானையால் முகத்தில் சுண்ணாம்பைத் துடைத்தாள். கோபம் இல்லை. அழவும் இல்லை.

"பரண்ல வச்சா எலி கடிச்சிரும். திரும்பப் பெட்டிக்குள்ளயே வச்சிப் பூட்டுங்க. அங்கதான இருந்துச்சு."

"என்ன சொல்லுத நீ?"

"தொண்ணூத்தொம்பதுல மூலப்பத்திரம் எடுக்கச் சொல்லி எங்கிட்டச் சாவி குடுத்தீயள்லா. அப்பவே பாத்தேன். அந்தக் குத்துவெளக்கப் பிடிங்க, கனமா இருக்கு."

பிடித்தேன். தலைகீழாகப் பிடித்ததில் திரி போடுகிற தட்டு கழன்று விழுந்தது.

இருபத்தைந்து வருஷம். தினமும் எனக்கு முன்னால் தட்டை வைத்தாள். மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தாயின் கல்வி என்ற இடத்தில் நான் எட்டு என்று எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஆறு மாதமாக அவளைச் சந்தேகப்பட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

ஆபீஸ் திறந்ததும் நேரே தேவசகாயத்திடம் போனேன். "போலிச் சான்றிதழ் செஞ்சு குடுத்தீரா?" என்று கேட்டேன். 

அவர் பேனாவை மூடினார். "உக்காரும்வே. யாரு போலின்னு சொன்னா? பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுல பேரு இருக்கு, மார்க்கு இருக்கு. மனுப் போட்டா ரெண்டாம் படி குடுப்பாங்க. போன மே மாசம் ஒம்ம வீட்டம்மா வந்து மனு எழுதித் தரச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். கூலி கூட வாங்கல."

"எங்கிட்ட ஏன் வரல?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, கைப்பிரதி ஒன்றை என் முன்னால் வைத்தார். "இதக் காட்டணும்னு எனக்கு ஆச இல்ல. ஆனா நீரு அவுக மேல போலின்னு பழி போடக் கூடாதுவே" என்றார்.

தேவசகாயத்தின் கையெழுத்து மணிமணியாக இருக்கும். காரணம் என்ற இடத்தில் மூன்று வரி எழுதி, அதை ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தார். கோட்டுக்கு அடியில் எல்லாமே படிக்க முடிந்தது.

'மேற்படி அசல் சான்றிதழ் 1992 முதல் என் கணவரின் மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் அவர் இத்தனை வருஷம் சொன்ன பொய்யை அவர் வாயாலேயே மறுத்துச் சொல்ல வேண்டி வரும். அவரை அப்படி நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் இல்லை.'

அதற்கு மேலே 'வெள்ளத்தில் தொலைந்தது' என்று திருத்தி எழுதியிருந்தார்.

"அவுக சொன்னத அப்படியே எழுதுனேன். அப்புறம் நாந்தான், இத ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க அம்மான்னு சொல்லி மாத்துனேன்" என்றார். "ஒரு பொய்யி. எம் பேர்ல இருக்கட்டும்."

அடியில், பழக்க தோஷத்தில், வெறும் கைப்பிரதியில் கூட எழுதியிருந்தார்: அடித்தல் ஒன்று. கீழே கையெழுத்து.

இருபது வருஷமாக நான் இந்த மனிதரைப் பித்தலாட்டக்காரர் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

பிப்ரவரி 8, சனி

காலையில் நானே மினிபஸ் நிறுத்தம் வரை போனேன். எதற்கு வருகிறீர்கள் என்று வடிவு கேட்கவில்லை. பையை என்னிடம் கொடுத்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கடைசிப் பரீட்சை, சமூக அறிவியல். காலை ஐந்தரைக்கே எழுந்து குளித்துவிட்டாள். நான் டீ போட்டேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது. புத்தகத்தை என் கையில் கொடுத்து, "கேளுங்க" என்றாள். ஒன்பதாவது புத்தகம்தான். இது பரீட்சையில் வராது, ஆனால் இதிலிருந்து ஆரம்பித்தால்தான் மனசு நிற்கும் என்றாள்.

கேட்டேன். கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளி அடுக்கு. எங்கே குளிரும், எங்கே சூடாகும், எரிகல் எங்கே எரியும், எல்லாம் சொன்னாள்.

"அதுக்கு மேல?" என்றேன்.

"அதுக்கு மேல எல்லை இல்ல."

"எல்லை இல்லாத சொத்தைப் பதிய முடியாதேளா."

"பதிய வேண்டாம். இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் புடவையை மடித்துச் செருகினாள்.

பள்ளி வாசலில் இசக்கிபாண்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது, மனிதருக்குப் பயம். அவர்கள் உள்ளே போனதும் நான் அதே கரும்புச் சாறு கடையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒளிந்து நிற்கவில்லை.

ஒன்றேகாலுக்கு வந்தாள். "மேல போகப் போக ஏன் குளுருதுன்னு கேட்டுருந்தான், பத்தாவதுலயும் அது வருது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரின்னு எழுதி, அடுப்பு உதாரணத்தையும் எழுதிட்டேன்" என்றாள். "ஒங்க தெர்மாமீட்டர எழுதல."

தெர்மாமீட்டர் விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. இந்த நோட்டில் மட்டும்தான் எழுதினேன். நோட்டு என் அலமாரியில் இருக்கிறது; அதற்குப் பூட்டு கிடையாது. எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த ஒரு சந்தேகம் சரியாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். என் வாயால் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. எழுதத்தான் வரும்.

ஆகவே எழுதுகிறேன். செப்டம்பர் 15 தேதிப் பதிவில், 'அந்தச் சான்றிதழ் 1992 நவம்பர் வெள்ளத்தில் போய்விட்டது' என்று எழுதியதை இன்று ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன். அது போகவில்லை. நான் எடுத்து ஒளித்து வைத்தேன். அவள் என்னைவிடப் படித்துவிடுவாள் என்று பயந்து ஒளித்தேன். வடிவு, தப்பு என்னுடையது.

அடித்தல் ஒன்று. திருத்தல் இல்லை.

எழுதிக் கொடுப்பவர்: ச. ஆவுடையப்பன்.

சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நோட்டை அரிசி டிரம்முக்குள் வைத்து, மூடியை நன்றாக அழுத்தி மூடப் போகிறேன்.